குடியிருப்பு ஆணை

சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாத்தினாள். வேகமாக. ஹாலில் காபி தீர்வதற்குள் முடித்தாக வேண்டும்.

கேஸ் டியூபைத் தடவினாள். புதிது. அரிவாள்மனை அதன் இடத்தில். மண்ணெண்ணெய் கேனைக் காணோம்.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

ஹாலில் கதிரேசன் காபி கொடுத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி நான்கு வருடம். புருஷன் அடுப்பு பற்றவைத்து அவள் பார்த்தது இன்றைக்குத்தான்.

இந்த வீட்டில் அவள் குடியிருப்பதைத் தடுக்கக் கூடாது, அவள் மேல் கை வைக்கக் கூடாது. கோர்ட் ஆணை. அதோடு அவளை அழைத்து வந்திருந்தார் பாதுகாப்பு அலுவலர் தில்லைநாயகி. துணைக்கு ஒரு பெண் காவலர். வீடு சேர்ந்துவிட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டால் இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

பிறகு அவளும் அவனும்.

மனதுக்குச் சரியென்று படாவிட்டால் போடாதே என்று ஜீப்பிலேயே சொல்லியிருந்தார் தில்லைநாயகி. படவில்லைதான். எதைக் காட்டிச் சொல்வது? சுவருக்கு வெள்ளையடித்திருந்தான். உடைத்த கண்ணாடியை மாற்றியிருந்தான். ஆணையை இரண்டு தடவை படித்தானாம். ஒரு வரிகூட மீற மாட்டானாம்.

"இந்த மனுஷன் மேலயா கேஸு போட்ட?" பெண் காவலர் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

கதிரேசன் தலையைக் குனிந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

பாத்ரூம் பார்த்தாள். பின்கட்டு பார்த்தாள். கடைசியாகப் படுக்கையறை. ஊதுபத்தி வாசனை. புதுப் போர்வை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

"என்னம்மா, போட்டுடலாமா?" தில்லைநாயகி படிவத்தோடு அறைக்குள் வந்தார்.

பேனாவை வாங்கினாள். அறையில் மேஜை இல்லை. கதவைப் பாதி சாத்தி, படிவத்தை அதன்மேல் வைத்து அழுத்தினாள். முதல் எழுத்து விழுந்தது.

இரண்டாவது எழுத்து விழவில்லை. பேனா முனை தாளைக் குத்திக்கொண்டு கதவுக்குள் இறங்கியது.

பெயிண்ட் விரலில் ஒட்டியது.

படிவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஹாலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"மேடம், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்க."

தில்லைநாயகி சாத்தினார். அவர் கை கதவின் மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

நான்கு துளைகள். அடைத்து, பூசி, பெயிண்ட் அடித்திருந்தது.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.