தோற்றால் கடல்

மகள் மறுபடியும் ஜெயித்துவிட்டாள்.

அரங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்து நாற்காலியில் அவள் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப அந்த விடுதிக்காரம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண் டேபிள் டென்னிஸ் போட்டியில் காலிறுதிக்குப் போயிருக்கிறாள், தகப்பனுக்கு விடுதிக் கவலை. ஆனால் எனக்கும் அதே கவலைதான்.

திட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் போட்டிருந்தோம். இந்த ஊரிலிருந்து கடல் ஒரு மணி நேரப் பயணம். மகள் எந்தப் போட்டிக்குப் போனாலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டிவிடுகிறவள். காலையில் தோற்பாள், மதியம் கிளம்பினால் சாயங்காலம் மூன்று பேரும் மணலில் கால் நீட்டி உட்காரலாம். அதை நம்பி அறையும் போட்டாகிவிட்டது.

பெண் தோற்பாள் என்று நம்பி அறை போட்ட பெற்றோர் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

முதல் நாள் ஜெயித்தாள். ஏதோ குருட்டாம்போக்கில் நடந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அறையை மறுநாளுக்கு மாற்றினார். மறுநாளும் ஜெயித்தாள். மறுபடி போன் போட்டார். இதோ, இன்றைக்கும்.

பயிற்சியாளருக்கே தலைகால் புரியவில்லை. "உங்க பொண்ணுக்கு என்ன ஆச்சு? உயிரைக் கொடுத்து ஆடுறா," என்று என்னிடம் வந்து கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அரங்கு வெந்துகொண்டிருந்தது. காற்றடித்தால் பந்து திசை மாறிவிடுமாம், அதனால் ஒரு மின்விசிறியும் ஓடவில்லை, ஜன்னல்களையும் அடைத்துவிட்டார்கள். என் கைப்பையில் வெயிலுக்குப் பூசும் கிரீம் பிரிக்காமல் கிடந்தது. கடல் காற்று ஒரு மணி நேரத் தூரத்தில் சும்மா வீசிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இங்கே அவிந்துகொண்டிருக்கிறோம்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை அவருக்கு. நடுவழியில் மாட்டிக்கொண்டவன் எப்படித் திட்டினாலும் தேன் ஒழுகப் பேசுவார். அந்தத் தேனில் ஒரு சொட்டு வீட்டுக்கு வந்ததில்லை. நான் மட்டும் என்ன, மருந்துக்கடையில் நாள் முழுக்கச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கடுகாய் வெடிப்பேன்.

நாங்கள் இருவரும் எதிலும் ஒத்துப்போனவர்கள் இல்லை. திரைச்சீலை நிறத்துக்கே ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறோம். கடல் விஷயத்தில்தான் ஒரே பேச்சில் ஒத்துப்போனோம்.

பிரிந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அதை அவளிடம் வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தோம். தினமும் புழங்குகிற இடத்தில் சொன்னால் அந்த இடமே அவளுக்கு ஆகாமல் போய்விடும். கடல் அவளுக்கு உயிர். அலையில் ஆட்டம் போட்டு, வயிறாரச் சாப்பிட்டு, மனசு லேசாக இருக்கும்போது பக்குவமாகச் சொல்லிவிடலாம். நாங்கள் இருவரும் சண்டை போடாமல் உட்கார ஒரு இடமும் வேண்டியிருந்தது.

அதற்கு அவள் தோற்க வேண்டும். இந்தக் கழுதை தோற்கவே மாட்டேன் என்கிறாள்.

கழுதை வந்தாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. ஜெயித்த களையே இல்லை. நாளைக்கு யாரோடு ஆட்டம் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"போன வருஷ சாம்பியனாம்மா. அவகிட்ட என்னால முடியாது."

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன்.

"தோத்தா என்னடி? நேரா கடலுக்குப் போயிடலாம்."

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதுக்குப் பயந்துதாம்மா தோக்காம இருக்கேன்."

என் கை நின்றுவிட்டது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதாகத்தான் எனக்கு ஞாபகம். துண்டை விலக்கி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் அப்பா வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கெஞ்சிக் கூத்தாடி நாளைக்கு மாற்றிவிட்டாராம். இந்த முறை ஜன்னலைத் திறந்தால் எதிரே கடலாம்.

"சரிப்பா," என்றாள் மகள். துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு மட்டையை எடுத்தாள். அரங்கின் கடைசியில் ஒரு மேசை காலியாக இருந்தது. "கொஞ்ச நேரம் பழகணும். அப்பா பந்து போடட்டும், நீ பக்கத்துல நின்னு எடுத்துக் கொடு. ரெண்டு பேரும் வாங்க."

அவருக்குப் பந்து போடத் தெரியாது. எனக்குக் குனிந்தால் இடுப்பு வலிக்கும். அவளுக்கு இரண்டுமே தெரியும்.

நாங்கள் இருவரும் எழுந்து அவள் பின்னாலேயே போனோம்.