படித்தவன் வேண்டும்

“காருக்குள்ள படுக்கிறதா? நானா? நான் யாருன்னு தெரியுமாடா உனக்கு?”

“தெரியும்லா. அதான் கதவு இருக்கிற காரா பார்த்துக் கொடுத்திருக்கேன்,” என்றான் இருளப்பன்.

பரஞ்சோதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினொரு வருடம் கூலிக் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். அவர் எதிரே வந்தால் கூலிகள் சைக்கிளை விட்டு இறங்கி, கடந்துபோகும்வரை நிற்க வேண்டும். அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த இருளப்பன் இப்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டு பேசுகிறான்.

வெள்ளைக்காரத் துரைகள் விட்டுவிட்டு ஓடிய கார்களையும் பஸ்களையும் ஜப்பான்காரர்கள் பாடாங் மேஹா பக்கம், ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு மணல்வெளியில் குவித்து வைத்திருந்தார்கள். உடைத்து இரும்பு எடுப்பது வேலை. உடைக்கிற வரைக்கும் அதற்குள்ளேயே குடித்தனம். நாற்பது குடும்பங்களுக்கு நிழல் தர ஒரு மரம் இல்லை. பகலில் தகரத்தைத் தொட்டால் கை வெந்துவிடும். தோட்டத்தை மூடிவிட்டதால், அந்த இடத்துக்குப் பெரிய கிராணியார் வெள்ளைக் கால்சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி வந்து இறங்கியிருந்தார்.

அன்று மாலையே, காயப்போட்டிருந்த கால்சட்டையை முகாமுக்குச் சமைக்கும் மருதம்மாள் இரண்டாகக் கிழித்து, கஞ்சிச் சட்டியை இறக்கினாள்.

“ஐயோ, அது சீமைத் துணி!”

“அதான் கை சுடல.”

மறுநாள் காலை இருளப்பன் அவருடைய பையிலிருந்த பேனாவை உருவி, கக்கூஸ் குழிக்குள் எறிந்தான்.

“டேய்! என்ன திமிருடா?”

“வேணும்னா இறங்கி எடு. சைக்கிளை விட்டு இறங்கலைன்னு துரைக்கு எழுதிப் போட்டு என் குடும்பத்தையே லயத்து வீட்டை விட்டு விரட்டினியே, அந்தப் பேனாதானே?”

அதோடும் விடவில்லை. கக்கூஸ் வாளி தூக்கும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். மூன்றே வாரத்தில் பெரிய கிராணியாருக்கு ‘வாளி’ என்று பெயராகிவிட்டது. உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப் போனது. வெயிலில் முகம் கறுத்து, தாடி மண்டி, பழைய சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். வாய் மட்டும் குறையவில்லை.

“இந்தக் கழுதைக் கூட்டத்துல நான் எத்தனை நாளைக்கு? சப்பான்காரனுக்கும் கணக்கெழுத ஆள் வேணும். என்னைக்காவது ஒருநாள் கூப்பிடுவான். அப்ப இருக்கு உங்களுக்கு!”

“வாயை மூடிக்கிட்டு மரவள்ளிக் கஞ்சியைக் குடி,” என்பாள் மருதம்மாள்.

கூப்பிட்டான். ஒருநாள் காலை லோரி ஒன்று வந்து நின்றது. இடுப்பில் வாளோடு ஓர் அதிகாரி இறங்கினான். லோரியில் ஏற்கெனவே இரண்டு பேர், வாரிய தலையும் சட்டையுமாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“கிராணி அடா?” கிராணி யாராவது உண்டா என்று அதிகாரி மலாயில் கேட்டான். “படித்தவன் வேண்டும். சுங்கை பட்டாணியில் ஆபீஸ் வேலை. அரிசி, சீனி, வீடு எல்லாம் உண்டு.”

நான்தான் துரை, நான்தான் கிராணி என்று மலாயில் கத்தியபடி பரஞ்சோதி வாளியும் கையுமாக ஓடினார். “சாயா, துவான்! சாயா கிராணி!”

இருளப்பன் குறுக்கே காலை நீட்டினான். விழுந்தவர் மேலேயே வாளி கவிழ்ந்தது.

“பைத்தியம், துவான்!” என்று இருளப்பன் கத்தினான். “கக்கூஸ் அள்ளுறவன். போன வாரம் சுல்தான்னு சொன்னான், இன்னிக்குக் கிராணியாம்!”

அவரைவிடப் பத்து வயது மூத்த மருதம்மாள் அகப்பையோடு ஓடிவந்தாள். “என் புருஷன்தான், துவான்! இதுக்குக் கையெழுத்துகூடத் தெரியாது!” என்று முதுகில் நாலு போட்டாள். நாற்பது குடும்பமும் விழுந்து விழுந்து சிரித்தது.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டான். பரஞ்சோதியின் கையைப் பூட்ஸ் காலால் புரட்டி, காய்த்த உள்ளங்கையைப் பார்த்தான். விலாவில் ஓர் உதை விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டான்.

பரஞ்சோதி மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். “பாவிங்களா! மூணு வாரம் என்னை நாயா அடிச்சது பத்தலையா? விடிஞ்ச பொழுதையும் கெடுத்துட்டீங்களேடா!”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மருதம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முகத்தைக் கழுவினாள்.

“போன மாசமும் இதே லோரிதான் வந்துச்சு,” என்றான் இருளப்பன். “ஆபீஸ் வேலைன்னு நாலு கிராணிங்களை ஏத்திட்டுப் போனான்.”

“பார்த்தியா! அந்த நாலு பேருக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கக்கூடாதாடா?”

“உன்கிட்ட முதல்நாளே சொல்லியிருப்பேன். சொன்னா நேரா அவன்கிட்டயே போய் எங்க பேரை எழுதிக் கொடுத்திருப்பே. உன் புத்தி எனக்குத் தெரியாதா?”

“என்னடா எழுதிக் கொடுப்பேன்?”

இருளப்பன் குரலைத் தாழ்த்தினான். “வெள்ளைக்காரனோட ஒற்றனுங்கன்னு அன்னிக்கே வெட்டி இங்க கொண்டுவந்து போட்ட அந்த நாலு பேரையும், அவனுக்குத் தெரியாம இந்த மணல்ல குழிதோண்டிப் புதைச்சது நாங்கதான்னு.”