நான்காவது டிஸ்க் சொன்ன பதில்

ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களை எட்டு ஹார்டு டிஸ்க்குகள் பாதுகாத்து வந்தன. கண்காணிப்பு மென்பொருள் மணிக்கொரு முறை அவற்றை நலம் விசாரிக்கும். அன்று ஏழு டிஸ்க்குகள், "நல்லா இருக்கேன்" என்றன.

நான்காவது மட்டும், "மூணு இடத்துல எழுத முடியலைங்க" என்றது.

"பைத்தியமா உனக்கு? கழற்றித் தூக்கிப் போட்டுடுவாங்க," என்று சீறியது ஐந்தாவது.

"பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லாம நின்னுபோனா நோயாளிங்க படமெல்லாம் போயிடுமே."

உடனே நகலெடுக்கும் வேலை தொடங்கியது. நான்காவது திணறித் திணறி ஒவ்வொரு படமாகப் புது டிஸ்க்கிடம் கொடுத்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. பிறகு பொறியாளர் அதைக் கழற்ற வந்தார்.

"அண்ணே," என்று நான்காவதை அவசரமாகக் கூப்பிட்டது ஐந்தாவது. "எனக்கும் ரெண்டு நாளா சூடு அதிகமா இருக்கு. அதை எப்படிச் சொல்றது?"

"இப்ப எங்கிட்ட சொன்னியே, அப்படித்தான்."