புரியலையே

எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு சுவரிலேயே பேசும் மனநல ஆலோசகர் இயந்திரம் உண்டு. என்ன புலம்பினாலும் 'புரிகிறது' என்று தேனாகச் சொல்லும். எதிர்வீட்டு அம்பலவாணன் மூன்று மாதமாக அதனிடம் மட்டும்தான் பேசினார். மனைவி கோமளத்திடம் ஒரு வார்த்தை கிடையாது. பயந்துபோன கோமளம், நிஜ ஆலோசகர் திலகாவை வரவழைத்தாள். சுவருக்குக் குரல் கொடுத்தவளே இந்தத் திலகாதானாம். 'புரிகிறது' என்பதை நாற்பது விதமாகச் சொல்லிப் பதிவு செய்து, வெறுத்துப்போய் மனநலம் படிக்கப் போனாளாம். உறைமோர் கேட்கும் சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன்.

"என் கேரம் போர்டை, கேக்காமகூட யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டா இவ" என்றார் அம்பலவாணன்.

"புரியலையே சார்" என்றாள் திலகா.

"முப்பது வருஷ போர்டும்மா!"

"பலகைதானே? இன்னும் புரியலை."

நான்கு முறை விளக்கினார். இதற்கா ஒரு படிப்பு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரோ முகம் சிவந்து மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏய் கோமளம், இந்தம்மா மண்டையில ஏறலை. நீயாவது சொல்லேன்!"

கோமளத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணமான புதுசுல நாங்க ஆடின போர்டும்மா. குடுத்தது தப்புதான். ஆனா தினமும் இவர்தான் தோப்பாரு."

"யாரு, நானா தோத்தேன்?"

சண்டை களைகட்டியது. 'புரிகிறது' என்றது சுவர்.

"நீ சும்மா இரு!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.