வாயால ஒரு ஓம்

"அந்தப் பொம்பிளைட பேரை மட்டும் சத்தமா வாசிச்சிடாதீங்க, மகள்" என்று மேசைமேல் சாய்ந்து கிசுகிசுத்தார் வலன்ரைன். பின்னால் சோபாவில் அவருடைய மனைவி ஐறீன் இருந்தாள். வெள்ளவத்தை மாடியொன்றில் இருந்த அந்தச் சின்ன ஒபிஸில், பெருமூச்சு விட்டால்கூட மூன்று பேருக்கும் கேட்கும்.

கணக்காளர் பஹ்மியாவுக்குக் கிசுகிசுக்க வராது. "வாசிக்காம எப்படி அங்கிள்? வரி ரிட்டர்ன் அனுப்ப இன்டைக்குக் கடைசி நாள். நான் ஒவ்வொண்டா வாசிப்பன், நீங்க ஒவ்வொண்டுக்கும் ஓமா இல்லையாண்டு செல்லணும். வீடியோ ஓடும்."

பேர் நிலூஷா. வலன்ரைன் அவளைக் கண்ணாலும் கண்டதில்லை. துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் தொழிலை விட்டபோது கையில் இருந்த சல்லியெல்லாம் ஒரு பைனான்ஸ் கம்பெனியோடு தாழ்ந்துபோய்விட்டது என்று அவர் ஐறீனிடம் அழுதிருந்தார். பாவம், அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

சல்லி தாழவில்லை. பாமன்கடையில் ஒரு சின்ன வீடாக எழும்பி நின்றது. புரோக்கர் டெரிக் அதை, கேக் செய்து விற்கும் இந்த நிலூஷாவுக்கு வாடகைக்குப் பேசி முடித்திருந்தான்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு அவள் டெரிக்கிடம் கொடுத்துவிட்ட லவ் கேக்கை, வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து, காருக்குள் இருந்தபடியே தின்று முடித்தார் வலன்ரைன். கரண்ட் பில் சண்டையில் ஐறீன் கோபித்துக்கொண்டு தான் கேக் சுடும் 'அவண்' அடுப்பை ஆருக்கோ தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து, அப்படியொரு கேக் அவர் நாக்கில் பட்டதில்லை.

"ஏன் மகள், முந்தி போனில 'ஓம், போடுங்க' எண்டால் விட்டிடுவீங்களே?"

"விட்டுத்தான் பட்டுக்கிட்டேன். ஒருத்தர் வரித் திணைக்களத்துல போய், 'நான் பாக்கவேயில்ல, அந்தப் புள்ள தன்ட பாட்டுல அனுப்பிட்டா'ண்டு செல்லிட்டார். கையில காட்ட ஒரு துண்டுகூட இல்ல."

"அப்ப வாட்ஸ்அப்பில பெருவிரல் போட்டுவிடுறன். காணாதா?"

"அவரும் பெருவிரல் போட்டவர்தான். பேரப்புள்ள அமத்திட்டாம்டு செல்லிட்டார்."

வலன்ரைன் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பேசியே கரைத்தவர். "சரி, பாதி வழிக்கு வாறன். எல்லாத்துக்கும் சேத்து முடிவில ஒரே ஓம். என்ன?"

"பேரம் பேச இது மீன் மார்க்கட் இல்ல அங்கிள். வீடியோ என்ட பைலுல ஈக்கும். கொப்பி ஒண்டு உங்கட ஈமெயிலுக்கு வரும். ஈமெயில் ஆன்ட்டியிடதுதானே?"

அந்தக் கதவும் மூடிக்கொண்டது. வாசித்தால் இப்போதே தெரியும். வாசிக்காமல் விட்டாலும் ராத்திரிக்குள் தெரியும். 'வீடில்லை' என்று பொய் சொன்னால் திணைக்களம் பிடிக்கும், எழும்பிப் போனால் தண்டம்.

"ஐறீன், நீர் கீழ போய் நல்ல மீனாப் பாத்து வாங்குமன். நான் முடிச்சுக்கொண்டு வாறன்."

"இந்த மழையிலயா? உங்களுக்கென்ன விசரா?" ஐறீன் போனிலிருந்து தலையை எடுத்து யன்னலைப் பார்த்தாள். "ஐயோ, எப்படி ஊத்துது!" என்று பதறியவள், மறுபடியும் போனுக்குள் குனிந்தாள்.

வலன்ரைனுடைய போனும் அதிர்ந்தது. டெரிக்தான். 'அண்ணன், குசினிக் கூரை ஒழுகுதாம். அந்தப் புள்ள ஏசுது.' ஒவ்வொரு மழைக்கும் இதே சமையலறைக் கூரைப் பாட்டு. 'நத்தார் முடியட்டும், பாப்பம்' என்று வழக்கமான பதிலைத் தட்டிவிட்டார். சோபாப் பக்கம் ஐறீன் பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பஹ்மியா கமராவை அவர் முகத்துக்கு நேரே வைத்தாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. ஓய்வூதியம் இல்லை என்றாள், ஓம் என்றார். பேங்க் வட்டி என்றாள், தலையை ஆட்டினார்.

"தல ஆட்டினாக் காணாது. வாயால."

"ஓம்."

"வாடகை வருமானம். பாமன்கடையில ஈக்கிற சொந்த வீடு. குடியிருக்கிறவ நிலூஷா. சரியா?"

சோபாவில் போன் தட்டும் சத்தம் நின்றது. வலன்ரைன் கமராவை மறைக்கக் கையை உயர்த்தினார். "மகள், அதைக் கொஞ்சம்..."

"ஓமா, இல்லையா அங்கிள்? ரெண்டுல ஒண்டு."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "ஓம்."

சோபா கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் மெல்ல நடந்து வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றது. இனிப் பைனான்ஸ் கம்பெனி வரும், அன்றைக்கு அழுத அழுகை வரும், கொச்சிக்கடை அந்தோனியார்மேல் பண்ணிய சத்தியமும் வரும்.

"ஐறீன், கோபிக்காதையும். எல்லாம் நமக்காகத்தானே..."

அவருடைய தோளில் ஒரு கை விழுந்தது.

"அப்ப, நானும் நிலூஷாவும் என்ட அவணில கேக் சுடுற குசினிக் கூரையை எப்பத் திருத்தித் தரப்போறீங்க, வீட்டுக்காரரே?"