எப்போதும் நூறு

செல்வினின் நெஞ்சிலிருக்கும் இதய பம்ப் பேட்டரியில் ஓடுகிறது. எவ்வளவு சார்ஜ் மிச்சமென்று அவன் மணிக்கட்டில் ஓர் எண் ஒளிரும்.

மாடியேறி வந்தவனுக்கு உதடு நீலமாகியிருந்தது. "சார்ஜ் போடுங்க," என்றாள் மனைவி ஜெபராணி.

"எதுக்கு? நூறு காட்டுதுல்லா."

காலையிலும் நூறு. நேற்றும் நூறு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மீட்டரை வடிவமைத்தவளே அவள்தான். ஒப்பிட்டு அளக்க நிலையான வோல்டேஜ் தரும் தனி சிப்புக்கு இடமில்லையென்று, பேட்டரியையே அளவுகோலாக வைத்திருந்தாள். அரிசி குறையக் குறைய அதை அளக்கும் உழக்கும் சுருங்கினால், நூறு உழக்கு என்றைக்கும் நூறு உழக்குதான்.

ஓடிப்போய் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினாள். "ஏறுதாங்க? இப்ப எவ்வளவு?"

செல்வின் மணிக்கட்டை அவள் பக்கம் திருப்பினான். அவன் கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

நூறு.