மூடியம்மா

"மூடியம்மா, வாயை மூடு!"

வகுப்பறையின் வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதுவும் அழியாத மையில்.

மூடியம்மா என்றால் அவள்தான். பெயிண்ட் கம்பெனியில் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "தின்னர் டப்பாவை மூடுங்க, ஸ்பிரிட் கேனை மூடுங்க, திறந்து வெச்சா ஆவியாகி உங்க நெஞ்சுக்குள்ளதான் போகும்" என்று ஓயாமல் கத்தியதற்கு அவர்கள் வைத்த பட்டம்.

இன்றைக்கு மேனேஜர் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அழக்கூடாது. அழ நேரமும் இல்லை.

ஈரத்துணியால் தேய்த்தாள். கை வலித்ததுதான் மிச்சம். ஸ்டோருக்கு ஓடினாள்.

"அண்ணே, மை அழிக்கக் கொஞ்சம் தின்னர் குடுங்க."

"மேனேஜர் கையெழுத்து?"

"அவசரம்ணே!"

"கையெழுத்து இல்லாம சொட்டுக்கூடத் தரக்கூடாதுன்னு போன வாரம் ரூல் போட்டது யாரு? நீங்கதானே மேடம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். நகத்தால் சுரண்டியாவது எடுத்தே தீருவது என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பலகை முன்னால், 'பெரியவாய்' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆள். ஸ்பிரே பெயிண்டர். நக்கலடிப்பதில் முதல் ஆள். நேற்று எது எதில் கரையும் என்று அவள் தொண்டை வறள நடத்தியபோது வாயைப் பிளந்துகொண்டு தூங்கிய மகான். இப்போது அவர் கையில் வகுப்பு மார்க்கர். அதே எழுத்துகளின் மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். அழுத்தி, ஒன்றுவிடாமல்.

"ஓ! நீங்கதானா அது?"

அவர் திரும்பக்கூட இல்லை. "இருங்க மேடம்."

"ஒரு தடவை எழுதினது பத்தலையா? தடிமனா வேற வேணுமா?"

"பேச்சுக் குடுக்காதீங்க. இன்னும் ஒரு எழுத்துதான்."

என்ன திமிர்!

"எழுதுங்க, நல்லா எழுதுங்க. மேனேஜர் வரட்டும். இந்த ரூம்ல ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

பின்னால் செருமல் சத்தம். மேனேஜரேதான். அவர் முதுகுக்குப் பின்னால் மற்ற ஆட்கள்.

"என்னம்மா இது? போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"சார், இவர்..." அவள் விரலை நீட்டினாள்.

பெரியவாய் டஸ்டரை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தார். எழுத்து மொத்தமும் போய்விட்டது. பலகை பளிச்சென்று வெள்ளை.

நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது.

"பாடம் சார்," என்றார் பெரியவாய். "அழியாத மை தண்ணிக்கெல்லாம் அசையாது. இந்த மார்க்கர்ல இருக்கிற ஸ்பிரிட்டுக்குக் கரையும். அது மேலேயே எழுதி, காயறதுக்குள்ள துடைச்சா ரெண்டும் சேர்ந்து போயிடும். மேடம் நேத்து நடத்தினாங்க, இன்னைக்குச் செஞ்சு காட்டச் சொன்னாங்க. எழுத வேற நல்ல வார்த்தையே கிடைக்கலையான்னு இப்ப திட்டிட்டிருக்காங்க. திட்ட வேண்டியதுதான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "பரவாயில்லையே! உங்க மண்டையிலயே ஏறியிருக்குன்னா இவங்க நல்லாத்தான் நடத்துறாங்க."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் ரெண்டு பேர் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.

பெரியவாய் மார்க்கரை அவளிடம் நீட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"மூடியை மட்டும் போட்டுடுங்க மேடம். ஆவியாகிடும்."